கடற்சுழிகள் எங்கே அடங்குகின்றன?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி இறங்கும் அகுல்யாஸ் நீரோட்டம், கண்டத்தின் தென்முனையைத் தாண்டியதும் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. அந்த வளைவிலிருந்து அவ்வப்போது ஒரு நீர்வளையம் அறுந்து தனியே சுழலத் தொடங்கும். அதன் குறுக்களவு 200 கிலோமீட்டருக்கும் மேல். இந்தியப் பெருங்கடலின் வெப்பத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு, நாளுக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் அது அட்லாண்டிக்கில் மேற்கே நகர்கிறது. நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும் வளையங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பிரேசில் பக்கம் போய்ச்சேர்கின்றன.

கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பங்கு இத்தகைய சுழிகளில்தான் இருக்கிறது. ஆற்றுச் சுழி சில நொடிகளில் சிதறிவிடும். பெருங்கடல் சுழியைப் பூமியின் சுழற்சியும் நீரடுக்குகளின் அடர்த்தி வேறுபாடும் கட்டிக்காக்கின்றன. சிறு சுழிகள் இணைந்து பெரிதாவதும் உண்டு. அப்படியானால், நீரோட்டங்களுக்குக் காற்று ஓயாமல் ஊட்டி, அவற்றின் வழியே சுழிகளைச் சேரும் ஆற்றல் எங்கே கழிகிறது?

சுழியின் நடுப்பகுதி சுற்றியுள்ள நீரைவிடச் சற்று மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும். செயற்கைக்கோள்கள் அளந்த இந்த உயர வேறுபாடுகளைக் கொண்டு ஷியாவோமிங் ஜாய், ஹெலன் ஜான்சன், டேவிட் மார்ஷல் ஆகிய ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு விடை தந்தனர்: பெருங்கடல்களின் மேற்கு ஓரங்களே சுழிகளின் இடுகாடு. அங்கே கழியும் ஆற்றல் 0.1 முதல் 0.3 டெராவாட் என்பது அவர்கள் கணிப்பு. 1,000 மெகாவாட் அணு உலைகள் 100 முதல் 300 வரை ஓயாமல் ஓடுவதற்கு இது சமம்.

மேற்கு ஓரத்துக்கு வரும் சுழி, கரடுமுரடான கடலடிச் சரிவில் மோதுகிறது. நீரடுக்குகளுக்கு இடையே உள்ளலைகள் எழுகின்றன; அவை உடைந்து கொந்தளிப்பாகி, சென்டிமீட்டர் அளவுக்கு நுணுகி, முடிவில் வெப்பமாகக் கரைகின்றன. பஹாமாஸின் அபாகோ தீவை ஒட்டிய செங்குத்துச் சரிவில் இத்தகைய உள்ளலைகளைக் கடலுக்குள் இறக்கிய கருவிகள் பதிவுசெய்துள்ளன.

மேற்கு ஓரம் மட்டுமே வடிகால் என்று சொல்ல முடியாது. அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலில் கடலடி மலைகள் சுழிகளின் வலுவைக் குறைக்கின்றன. நீரோட்டத்துக்கு ஆற்றல் தரும் அதே காற்று, சுழியின் ஒரு பக்கத்தில் எதிர்த்து உரசி அதன் வேகத்தைப் பிடுங்கவும் செய்கிறது.

இந்தக் கணக்கு பருவநிலைக் கணிப்புக்கு இன்றியமையாதது. சுழி அடங்கும் இடத்தில் ஆழத்துக் குளிர்நீரும் மேலுள்ள வெதுநீரும் கலக்கின்றன. கடல் தன்னுள் எவ்வளவு வெப்பத்தையும் கார்பனையும் தேக்கும் என்பதில் அந்தக் கலப்புக்கும் பங்குண்டு. பல பருவநிலை மாதிரிகள் கடலைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்கள் சுழிகளைவிடப் பெரியவை. சுழிகள் அந்த மாதிரிகளில் தாமாக உருவாவதில்லை. சுழிகளின் ஆற்றல் எங்கே, எவ்வளவு கழிகிறது என்பதை நாம்தான் சரியாக எழுதிக்கொடுக்க வேண்டும்.