உங்களுக்குத் தெரியுமா? அகராதி ஏறிய அரட்டைச் சொற்கள்

● ‘ஓ.எம்.ஜி.’ செல்போனில் பிறந்த சொல் அல்ல. 1917 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தளபதி ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 76. புதிதாக ஒரு வீரப்பட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் இந்த மூன்று எழுத்துகளைப் போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஓ! மை காட்!’ என்று விரித்தும் எழுதிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது 2011 மார்ச்சில்தான். இளசுகளால் ஆங்கிலம் கெட்டுப்போகிறது என்று வருந்துபவர்களிடம் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

● அதே மாதம் அகராதிக்குள் வந்த இன்னொன்று ‘எல்.ஓ.எல்.’ இன்று அது வாய்விட்டுச் சிரிப்பது. 1960-இல் அதே மூன்று எழுத்துகளுக்குப் பொருள், ‘சின்னஞ்சிறு பாட்டியம்மா’!

● எழுத்தைச் சுருக்கி விளையாடும் பழக்கம் அதைவிடப் பழையது. 1839-இல் பாஸ்டன் நாளேடு ஒன்று, ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதல் எழுத்துகளை அச்சிட்டது. அதுதான் ‘ஓ.கே.’ அந்தக் காலத்து வேடிக்கைச் சுருக்கங்கள் பலவும் மறைந்துபோக, இது மட்டும் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது.

● ஒரு சொல்லைச் சேர்க்க அது பத்து ஆண்டுகளாவது புழங்கியிருக்க வேண்டும் என்பது ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களின் வழக்கமாக இருந்தது. 2013-இல் ‘ட்வீட்’டுக்காக அதைத் தளர்த்தினார்கள். ஒருமுறை உள்ளே வந்த சொல்லை அந்த அகராதி நீக்குவதில்லை. வழக்கொழிந்தது என்று குறிப்பு மட்டும் போடுவார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

● ‘செல்ஃபி’க்குக் கிடைத்த மிகப் பழைய சான்று, 2002-இல் ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் இணையத்தில் போட்ட படம். நண்பரின் 21-வது பிறந்தநாள் விருந்தில் குடித்துவிட்டு விழுந்து உதடு கிழிந்து தையல் போட்டுக்கொண்டவர், படம் கலங்கலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு, ‘இது செல்ஃபி’ என்று காரணம் எழுதியிருந்தார். சொல்லைச் சுருக்கிக் கடைசியில் ‘ஈ’ ஓசை சேர்ப்பது ஆஸ்திரேலியர்களின் பேச்சு வாடை. பார்பெக்யூ அவர்களுக்கு ‘பார்பி’.

● ஃபேஸ்புக்கில் ‘அன்ஃப்ரெண்ட்’ செய்கிறோமே, அந்த வினை 1659-இலேயே பதிவாகியிருக்கிறது.

● ‘மீம்’ சிரிப்புப் படத்துக்காகப் பிறந்த சொல் அல்ல. உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல், மனிதருக்கு மனிதர் தொற்றிப் பரவும் எண்ணங்களைக் குறிக்க உருவாக்கியது. ‘பார்த்துச் செய்தது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை, ‘ஜீன்’ என்பதோடு ஓசை ஒத்துவரும்படி சுருக்கிக்கொண்டார்.

● 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் நம் ‘ஐயோ’வும் இடம்பிடித்தது. எனக்கு மிகப் பிடித்த சேதி இது. கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் அதற்கு எவ்வளவோ முன்பே ஆங்கிலத்துக்குப் போய்விட்டவை. ஆனால் அவை பொருளுக்கான பெயர்கள். பொருளைக் கண்டவர்கள் பெயரையும் எடுத்துப் போனார்கள். ‘ஐயோ’வுக்கு அப்படிப் பொருள் எதுவும் இல்லை. கால் இடறினாலும், பால் பொங்கி வழிந்தாலும் நம் வாயில் தானாக வருகிற குரல் அது.