நாற்காலி காலி, கல்லா நிறைந்தது! டெலிவிஷன் குஸ்தி வியாபாரம் மாறிய கதை

மண்டபத்தில் ஈ, காக்கை இல்லை. நாற்காலிகள் எல்லாம் காலி. விசில் இல்லை. கைதட்டல் இல்லை. நடுவே மேடை. அதில் இரண்டு பயில்வான்கள் கட்டிப் புரள்கிறார்கள். "தொப், தொப்" என்று ஆள் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டெலிவிஷனில் வந்த "ரெசில்மேனியா" குஸ்தி இது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் தம்பா நகரின் பெரிய ஸ்டேடியத்தில் நடக்க வேண்டியது. கொரோனா வந்து கெடுத்தது. ஆர்லாண்டோ நகரில் உள்ள கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்குள் வைத்து, ஜனமே இல்லாமல் படம் பிடித்து ஒளிபரப்பினார்கள்.

ஊரெல்லாம் ஊரடங்கு. பால், மருந்து போல குஸ்தி படப்பிடிப்பும் "அத்தியாவசியம்" என்று புளோரிடா அரசு அனுமதி கொடுத்தது!

மார்ச் மாதத்துக்குப் பிறகு டிக்கெட் விற்பனை அடியோடு நின்றது. டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அந்த குஸ்தி கம்பெனி திவால் ஆகி இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்?

அதுதான் இல்லை. அந்த ஆண்டு கம்பெனியின் வருமானம் 97 கோடியே 42 லட்சம் டாலர். அதற்கு முன்பு எந்த ஆண்டிலும் அவ்வளவு வந்தது கிடையாது!

அதே ஏப்ரல் 15-ந் தேதி, பல பயில்வான்களை "நீங்கள் போகலாம்" என்று கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது.

ஜனம் வராமல் பணம் எப்படி வந்தது? பணம் வந்தும் பயில்வான் வேலை ஏன் போனது? இரண்டுக்கும் விடை ஒன்றுதான். குஸ்தியின் முதலாளி மாறிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து விசில் அடித்த ரசிகர் இப்போது முதலாளி அல்ல.

ஊருக்கு ஒரு ராஜா

தாராசிங், கிங்காங் காலத்து குஸ்தியை நம்ம ஊர் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வாசலில் டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே போக முடியும். கூட்டம் வந்தால் வசூல். வராவிட்டால் நஷ்டம். அமெரிக்காவிலும் அப்போது அதே கணக்குதான்.

1948-ம் ஆண்டு அயோவா மாநிலம் வாட்டர்லூ நகரில் குஸ்தி நடத்துகிறவர்கள் கூடிப் பேசி ஒரு சங்கம் அமைத்தார்கள். "தேசிய மல்யுத்தக் கூட்டணி" என்று பெயர். நாட்டை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். "உன் எல்லைக்குள் நான் வரமாட்டேன், என் எல்லைக்குள் நீ தலைகாட்டாதே." இதுதான் எழுதாத சட்டம்.

டெலிவிஷன் அப்போதும் இருந்தது. ஆனால் அது வெறும் விளம்பரம். உள்ளூர் ஸ்டேஷனில் சின்னதாக ஒரு குஸ்தி காட்டுவார்கள். வில்லன் பயில்வான் வந்து மார் தட்டி சவால் விடுவான். மீதியைப் பார்க்க மண்டபத்துக்கு வரவேண்டும். சினிமாவுக்கு டிரைலர் மாதிரி. டிரைலருக்கு யார் காசு கொடுப்பார்கள்? சில ஊர்களில் ஸ்டேஷனுக்கு இவர்கள்தான் காசு கொடுத்தார்கள்!

எல்லையை உடைத்தவர்

நியூயார்க் பக்கத்துக் கம்பெனியை 1982-ம் ஆண்டு தந்தையிடம் இருந்து விலைக்கு வாங்கினார் வின்ஸ் மக்மேன். எல்லைச் சட்டத்தை அவர் காலில் போட்டு மிதித்தார். கேபிள் டெலிவிஷன் நாடு முழுவதும் பரவிய நேரம் அது. மற்ற ஊர் ஸ்டேஷன்களுக்குப் பணம் கொடுத்து தன் குஸ்தியைப் போட வைத்தார். மற்ற முதலாளிகளின் நட்சத்திரப் பயில்வான்களை இழுத்துக்கொண்டார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ஹல்க் ஹோகன்.

1985-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் "ரெசில்மேனியா". சினிமா நடிகர் மிஸ்டர் டி மேடை ஏறினார். குத்துச்சண்டை வீரர் முகமது அலி நடுவராக வந்தார். வேறு ஊர்களில் உள்ள மண்டபங்களில் திரை கட்டி, அங்கேயும் டிக்கெட் விற்றார்கள்.

1987-ல் மிச்சிகன் மாநிலம் பாண்டியாக் ஸ்டேடியத்தில் மலை போன்ற ஆந்த்ரேயை ஹோகன் தூக்கிப் போட்டார். 93 ஆயிரத்து 173 பேர் வந்ததாக கம்பெனி அறிவித்தது. "அவ்வளவு பேர் இல்லை" என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

வீட்டில் இருந்தபடி, ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பார்க்கும் முறையும் அப்போது சூடுபிடித்தது. பழைய ஊர் ராஜாக்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள்.

சட்டசபையில் உடைந்த ரகசியம்

"எல்லாம் செட்டப்பா, நிஜமா?" டீக்கடை பெஞ்சு தொடங்கி பள்ளிக்கூடத் திண்ணை வரை நடந்த சண்டை இது. அதற்கு கம்பெனியே 1989-ம் ஆண்டு பதில் சொல்லிவிட்டது.

நியூஜெர்சி மாநில சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. குஸ்தியை விளையாட்டுக் கமிஷனின் பிடியில் இருந்து விடுவிக்கும் மசோதா. கமிஷன் இருந்தால் கட்டணம், வரி, டாக்டர் பரிசோதனை எல்லாம் உண்டு. கம்பெனி ஆட்கள் போய், "இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவு ஆவது" என்ற பொருளில் சாட்சியம் சொன்னார்கள்.

தலைமுறை தலைமுறையாகக் காத்த ரகசியம். வரியை மிச்சம் பிடிக்க அவர்களே போட்டு உடைத்தார்கள்! ரசிகர்கள் ஓடவில்லை. தெரிந்தே பார்த்தார்கள். ஆனால் ரகசியத்தோடு சேர்ந்து அரசாங்கக் கண்காணிப்பும் போனது. அதன் விலை பிறகுதான் தெரிந்தது.

1994-ம் ஆண்டு மக்மேன் கோர்ட்டுப் படி ஏறினார். பயில்வான்களுக்கு "ஸ்டீராய்டு" மருந்து கிடைக்க சதி செய்தார் என்று வழக்கு. ஹோகன் சாட்சிக் கூண்டில் ஏறி, தான் அந்த மருந்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். முடிவில் மக்மேன் குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

திங்கட்கிழமை சண்டை

அப்போது எதிரே இன்னொரு பணக்காரர் வந்து நின்றார். சி.என்.என். அதிபர் டெட் டர்னர். 1988-ல் அவர் வாங்கிய குஸ்தி கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ. ஆனது. ஹோகன் 1994-ல் அந்தப் பக்கம் தாவினார்.

மக்மேனின் "ரா" நிகழ்ச்சி திங்கட்கிழமை இரவு வந்தது. 1995 செப்டம்பர் 4-ந் தேதி, அதே கிழமையில், அதே நேரத்தில் "நைட்ரோ" என்ற நிகழ்ச்சியை இறக்கினார் டர்னர். 1996 ஜூலையில் நல்லவர் ஹோகன் திடீர் என்று வில்லன் ஆனார். நைட்ரோ சக்கைபோடு போட்டது. 80 வாரத்துக்கு மேல் தொடர்ந்து மக்மேன் தோற்றார்.

கடைசியில் சறுக்கியது டர்னர் பக்கம். 1999 ஜனவரி 4-ந் தேதி, முன்பே படம் பிடித்து வைத்திருந்த எதிரி நிகழ்ச்சியில் மிக் போலி பட்டம் ஜெயிக்கப் போகிறார் என்பதை நைட்ரோவில் கேலியாகச் சொல்லிவிட்டார்கள். "அதை யார் பார்ப்பார்கள்?" என்று நினைத்தார்கள். லட்சக்கணக்கான ரசிகர்கள் உடனே சேனலைத் திருப்பி அதைத்தான் பார்த்தார்கள்!

2001-ல் டபிள்யூ.சி.டபிள்யூ. மூச்சு நின்றது. கொன்றது மக்மேனின் பயில்வான்கள் அல்ல. ஏ.ஓ.எல். - டைம் வார்னர் என்ற தாய்க் கம்பெனிக்குப் புது நிர்வாகம் வந்தது. "எங்கள் சேனலில் குஸ்தி வேண்டாம்" என்றது. டெலிவிஷன் நேரம் போனதும் அந்தக் கம்பெனி சில பத்து லட்சம் டாலர்களுக்கே மதிப்பு உள்ள சரக்கு ஆனது. மக்மேன் வாங்கிப் போட்டார்.

மண்டபம் நிறைந்தாலும் பயன் இல்லை. சேனல் கை விட்டால் கம்பெனி காலி. இது அன்று எல்லாருக்கும் புரிந்தது.

78 அடி உயரம்

இதற்கு நடுவே நடந்த ஒரு சாவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

1999 மே 23. மிசௌரி மாநிலம் கான்சாஸ் சிட்டி. ஓவன் ஹார்ட் என்ற 34 வயதுப் பயில்வான். கூரையில் இருந்து கயிற்றில் தொங்கி மேடையில் இறங்கவேண்டும். டெலிவிஷனுக்காகச் செய்த வேடிக்கை. கொக்கி விடுபட்டது. ஏறக்குறைய 78 அடி உயரத்தில் இருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைக்கவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்தினார்களா? இல்லை! அடுத்த குஸ்தி நடந்தது. அதற்கு அடுத்ததும் நடந்தது. வீட்டில் காசு கட்டிப் பார்த்தவர்களுக்கு மரணச் செய்தியை அறிவித்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை.

குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து கம்பெனி சமரசம் செய்தது. அதற்கு முன்பே, விபத்து நடந்த அதே ஆண்டு அக்டோபரில், கம்பெனியின் பங்குகள் 17 டாலர் விலையில் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன.

சில்லறை போய் மொத்த வியாபாரம்

அடுத்த மாற்றம் 2014 பிப்ரவரியில் வந்தது. 50, 60 டாலர் கட்டிப் பார்த்த பெரிய குஸ்திகளை, மாதம் 9 டாலர் 99 சென்ட் கட்டினால் இண்டர்நெட்டில் பார்க்கலாம் என்றார்கள்.

பிறகு ரசிகரிடம் சில்லறை வசூலிப்பதும் குறைந்தது. மொத்தமாக வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சினிமாவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். குஸ்தியை அந்த நேரத்திலேயே பார்ப்பார்கள். விளம்பரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால்தான் இந்தக் கிராக்கி.

2018-ல் "பாக்ஸ்" டெலிவிஷன் 5 ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் பேசி முடித்தது. கொரோனா ஆண்டில் மண்டபம் காலியாக இருந்தும் கல்லா நிறைந்த ரகசியம் இதுதான். அந்த ஆண்டு வருமானத்தில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் டெலிவிஷன், இண்டர்நெட் வழியாக வந்த பணம்.

பணம் கொடுப்பவர் சொல் சபையேறும் அல்லவா? 2018-ல் சவூதி அரேபியாவோடு 10 ஆண்டு ஒப்பந்தம். அங்கே நடந்த முதல் நிகழ்ச்சியில் பெண் பயில்வான்களுக்கு இடம் இல்லை. 2019 அக்டோபரில்தான் முதல் பெண்கள் குஸ்தி நடந்தது. உடம்பு முழுவதும் மூடிய உடையில் சண்டை போட்டார்கள்.

2023 செப்டம்பரில் "எண்டெவர்" நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.இ.யையும், நிஜ அடிதடி நடத்தும் யு.எப்.சி.யையும் ஒன்றாக இணைத்தது. 2024 ஜனவரி 23-ந் தேதி "நெட்பிளிக்ஸ்" ஒப்பந்தம் வந்தது. 10 ஆண்டு, 500 கோடி டாலருக்கு மேல்!

மூன்றே நாளில் மக்மேன் பதவி விலகினார். கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண், பாலியல் கொடுமை செய்ததாக அவர் மீது வழக்குப் போட்டதுதான் காரணம். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அவர் போனதால் ஒப்பந்தம் நிற்கவில்லை.

2025 ஜனவரி 6-ந் தேதி நெட்பிளிக்சில் "ரா" தொடங்கியது. மேடைக்கு வந்தார் ஹோகன். கம்பெனியைத் தூக்கி நிறுத்திய அவரை, கூட்டம் "ஊ" என்று கூச்சல் போட்டு விரட்டியது. அதே ஆண்டு ஜூலை 24-ந் தேதி அவர் காலமானார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1990-களில் பயில்வான் படம் போட்ட கார்டுகளை வைத்து விளையாடாத பையன்கள் குறைவு. கேபிளில் பார்த்த அந்த குஸ்தி, 2025 ஏப்ரல் முதல் இந்தியாவிலும் நெட்பிளிக்சுக்குப் போய்விட்டது.

அடி வாங்குகிறவர் யார்?

இவ்வளவு கோடியில் பயில்வானுக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்களுக்கு சங்கம் இருக்கிறது. லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள். குஸ்தியில் அப்படி ஒரு சங்கம் கிடையாது. கம்பெனி கணக்கில் பயில்வான் தொழிலாளி அல்ல, தனி காண்டிராக்டர். மேடையில் பட்ட காயத்துக்குக் கம்பெனி வைத்தியம் பார்க்கும். குடும்பத்துக்கு மருத்துவ இன்சூரன்சு? அதை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1986-ல் ஜெஸ்ஸி வெஞ்சுரா என்ற பயில்வான் சங்கம் அமைக்கப் பார்த்தார். நடக்கவில்லை. ஹோகன்தான் முதலாளியிடம் போட்டுக் கொடுத்தார் என்று அவர் பின்னர் குற்றம் சாட்டினார். வெஞ்சுரா மின்னசோட்டா மாநில கவர்னராகவே ஆனார். ஆனால் சங்கம் மட்டும் இன்னும் அமையவில்லை.

2016-ல் 50-க்கும் மேற்பட்ட முன்னாள் பயில்வான்கள், தலையில் பட்ட அடியால் மூளை பாதித்தது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2018-ல் வழக்கு தள்ளுபடி ஆனது.

2019-ல் ஏ.இ.டபிள்யூ. என்ற புதுக் கம்பெனி வந்தது. மாற்று முதலாளி இருப்பதால் பெரிய பயில்வான்களுக்குக் கூலி பேச முடிகிறது. ஆனால் அதுவும் டெலிவிஷன் ஒப்பந்தத்தை நம்பித்தான் நிற்கிறது.

"எல்லாம் டூப்பு" என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மேடை பஞ்சு மெத்தை அல்ல. இரும்புச் சட்டம். மேலே மரப் பலகை. அதன் மேல் மெல்லிய நுரை ரப்பர். மேலே கித்தான் துணி. யார் ஜெயிப்பது என்பதை முன்பே எழுதி வைக்கலாம். விழும்போது முதுகில் படும் அடியை எழுதி வைக்க முடியாது.

அதை வாங்குகிறவர் 1948-லும் பயில்வான்தான். இன்றும் பயில்வான்தான்.