கடை வீட்டுப் பிள்ளையும் வங்கி வேலையும்



கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். "பையன் டிகிரி முடிச்சுட்டான். பேங்க்ல எங்கேயாவது சேர்த்துவிட முடியுங்களா அண்ணா?" என்று, சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் பில் போடும் நேரத்தில் என்னைக் கேட்பார்கள். வெண்ணந்தூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எனக்கும் வங்கிக்கும் உள்ள உறவு, பணம் கட்டுவதும் எடுப்பதும் ஓ.டி. கணக்குக்கு வட்டி கட்டுவதும்தான். படித்தது பள்ளி இறுதி வரை. ஆனாலும் இந்த விஷயத்தில் பட்டு அறிந்தது கொஞ்சம் உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. "சேர்த்துவிட" என்ற சொல்லை நாம் மறக்க வேண்டும். பொதுத்துறை வங்கி எழுத்தர், அதிகாரி வேலைகளில் யாரும் யாரையும் சேர்த்துவிட முடியாது. தேர்வு எழுதித்தான் சேர வேண்டும்.

வங்கி நமக்கு அந்நியமல்ல

வங்கி என்றால் நமக்கு எட்டாத இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1916-ல் கரூரில் தொடங்கிய கரூர் வைசியா வங்கியும், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று விளங்குவதும் வணிகர்கள் கூடி உண்டாக்கியவையே. கடையில் பிறந்ததுதான் வங்கி.

1969-ல் 14 வங்கிகளும் 1980-ல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. என் வயதுக்காரர்கள் பட்டம் பெற்ற காலத்தில் பி.எஸ்.ஆர்.பி. என்ற தேர்வு வாரியங்கள் ஆள் எடுத்தன. அவை 2001-ல் கலைக்கப்பட்டன. பிறகு சில ஆண்டுகள் ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே தேர்வு நடத்தியது. 2011 முதல் ஐ.பி.பி.எஸ். என்ற நிறுவனம் பொதுத் தேர்வு நடத்துகிறது. 2020 இணைப்புக்குப் பிறகு பொதுத்துறை வங்கிகள் 12. அவற்றில் ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு வைக்கிறது. மற்ற 11-க்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வுதான்.

எத்தனை வாசல்?

பட்டதாரிக்கு முக்கியமாக மூன்று வாசல்கள். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் சரி, பி.காம். தான் வேண்டும் என்பதில்லை.

முதல் வாசல் எழுத்தர் வேலை. இப்போது அதற்கு வாடிக்கையாளர் சேவை உதவியாளர் என்று பெயர். வயது 20 முதல் 28 வரை. முதல்நிலை, முதன்மை என இரண்டு தேர்வுகள். நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரு மாநிலத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். வேலையும் அந்த மாநிலத்திலேயே கிடைக்கும். 2021-ல் மத்திய நிதியமைச்சகம் எடுத்த முடிவால் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இரண்டாவது அதிகாரி வேலை, பி.ஓ. என்பார்கள். வயது 20 முதல் 30 வரை. ஸ்டேட் வங்கியில் 21 முதல். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். முடிவில் நேர்முகத் தேர்வு உண்டு. இந்தியாவில் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள். பீகாருக்குப் போட்டால் போவானா, வீட்டில் விடுவோமா என்று விண்ணப்பிக்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வாசலை நம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பலர் பார்ப்பதில்லை. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரல் 1-ல் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. தலைமை அலுவலகம் சேலத்தில். இதற்கும் ஐ.பி.பி.எஸ். தான் தேர்வு நடத்துகிறது. அலுவலக உதவியாளருக்கு 18 முதல் 28 வயது. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதியே இல்லை. கணக்கும் அறிவுத்திறனும் மட்டும்தான். ஆங்கிலத்துக்குப் பயப்படும் பிள்ளைகள் இதை முதலில் எழுதிப் பார்க்கலாம்.

வயது வரம்பில் ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டும், தாழ்த்தப்பட்ட, பழங்குடியினருக்கு 5 ஆண்டும் சலுகை உண்டு.

கல்லா கற்றுக்கொடுத்த கணக்கு

எழுத்தர், பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் 1 மணி நேரத்தில் 100 கேள்விகள். ஆங்கிலம், கணக்கு, அறிவுத்திறன் என மூன்று பகுதிகள். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். அதாவது ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம்கூடக் கிடைக்காது. கடினம் கணக்கில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

வேகத்தை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? 60 ரூபாய்ப் பருப்பையும் 80 ரூபாய்ப் பருப்பையும் கலந்து, அசல் கிலோ 72 ரூபாய் வர வேண்டும் என்றால் எப்படிக் கலப்பது? 80-ல் 72 போனால் 8. 72-ல் 60 போனால் 12. எனவே 60 ரூபாய்ப் பருப்பு 2 பங்கு, 80 ரூபாய்ப் பருப்பு 3 பங்கு. இது தேர்வில் அப்படியே வரும் வகைக் கணக்கு. 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, அதற்கு மேல் 10 சதவீதம் கொடுத்தால் மொத்தம் 30 அல்ல, 28 என்பது கம்பெனி ஸ்கீம் பார்க்கும் நமக்குத் தெரியும். லாப நட்டம், கூட்டு வியாபாரப் பங்கு, வட்டி எல்லாம் நம் அன்றாடக் கணக்குகள். கல்லாவில் உட்கார்ந்த பிள்ளைக்கு இது கூடுதல் பலம்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது ஆங்கிலத்தில். அதற்குக் குறுக்கு வழி இல்லை. தினம் ஒரு ஆங்கில நாளிதழை அரை மணி நேரம் படிக்க வேண்டும். ஓராண்டு படித்தால் வித்தியாசம் தெரியும்.

நான் ஏமாந்த கதை

2013-ல் என் மகன் பி.காம். முடித்தான். கணக்கில் கெட்டிக்காரன். அந்த நேரத்தில் ஒருவர் கடைக்கு வந்தார். "சென்னையில் மேலிடத்தில் ஆள் இருக்கிறது; மூன்று லட்சம் ஆகும்; பாதி முன்பணம்" என்றார். தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தில் ஒன்றரை லட்சம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மூட்டை சர்க்கரை வாங்க நாலு கடை விசாரிக்கும் நான், இதை ஒரு இடத்திலும் விசாரிக்கவில்லை.

இன்று, நாளை என்று ஒன்றரை ஆண்டு ஓடியது. வேலைதான் உறுதியாகிவிட்டதே என்று பையனும் புத்தகத்தைத் தொடவில்லை. கடைசியில் வங்கியின் சின்னம் போட்ட ஒரு கடிதம் வந்தது. இருவரும் சென்னை போனோம். அங்கிருந்த அதிகாரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்கள் கடிதம் இல்லை" என்றார். திரும்பி வரும் ரயிலில் பையன் ஒன்றும் பேசவில்லை. சேலம் வரும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். அதன் பிறகு தேர்வு எழுதச் சொன்னபோது மறுத்துவிட்டான். போன பணத்தை மூன்று சீசனில் சம்பாதித்துவிட்டேன். போன காலத்தை அவனுக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

எழுத்தர், பி.ஓ. தேர்வுகளுக்கு ஐ.பி.பி.எஸ். அண்மை ஆண்டுகளில் வாங்கும் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் ரூ.850, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.175. வேலைக்காகக் கட்ட வேண்டிய பணம் இவ்வளவுதான். அதற்கு மேல் கேட்பவரைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

தனியார் வங்கிகளில் சில, கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுத்து வேலை தருகின்றன. அது உண்மையா என்பதை அந்த வங்கியின் சொந்த இணையதளத்திலோ, கிளையில் நேரிலோ கேட்டு உறுதி செய்ய வேண்டும். எத்தனை ஆண்டு ஒப்பந்தம், கட்டணத்துக்குக் கடன் எடுத்தால் தவணை எவ்வளவு என்று முழுதும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வங்கிகள் எடுக்கும் ஓராண்டு 'அப்ரென்டிஸ்' பயிற்சியும் நிரந்தர வேலை அல்ல, அனுபவத்துக்கு நல்லது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

படிப்பது பிள்ளையின் வேலை. கீழே சொல்பவை நம் வேலை.

பெயரும் இனிஷியலும் பள்ளிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் சான்றிதழ் சரிபார்க்கும்போது தொல்லை. இப்போதே திருத்துங்கள்.

தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசு வேலைக்கான ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமிலேயர் இல்லை என்ற குறிப்போடு வேண்டும். இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் பெறலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் தொடர்ந்து 3 ஆண்டு ரூ.8 லட்சத்தை எட்டினால் கிடைக்காது. இதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது; வியாபார வருமானம் சேரும். எனவே நம் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளை பெயரில் கடன் வாங்காதீர்கள். நம் பெயரில் கடன் நிறைய இருக்கிறதென்று, பையன் பெயரில் வண்டிக் கடனும் கடைக் கடனும் வாங்கித் தவணை தவறுபவர்களை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேரும்போது வங்கிகள் 'சிபில்' போன்ற கடன் வரலாற்றைப் பார்க்கின்றன. தேர்வில் வென்றும் இதனால் வேலை போகலாம். கல்விக் கடன் தவணையும் அப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாகப் பெறலாம், பார்த்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நேரம். பட்டம் வாங்கிய பிள்ளையைக் காலையிலிருந்து இரவு வரை கடையில் நிறுத்திவிட்டு, தேர்வில் தோற்றால் "உனக்கு ராசி இல்லை" என்பது நியாயமல்ல. தினம் ஆறு மணி நேரம் அவனைக் கடையிலிருந்து விடுங்கள். ஒரு முறையில் கிடைக்காவிட்டால் இரண்டு, மூன்று முறை எழுத விடுங்கள். மகள்களுக்கும் இதையே சொல்கிறேன். கல்யாணப் பேச்சை இரண்டு ஆண்டு தள்ளி வைத்தால் குடி முழுகிவிடாது.

பயிற்சிக்குப் பெரும் செலவும் வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஆண்டுத் தேர்வுகளுக்கான தேதிப் பட்டியலை ஐ.பி.பி.எஸ். வழக்கமாகச் சனவரியில் வெளியிடுகிறது. அதைக் கல்லாவுக்கு மேல் காலண்டரோடு சேர்த்து ஒட்டி வையுங்கள்.

என் தம்பி மகள் மூன்று முறை எழுதினாள். முதல் முறை ஆங்கிலத்தில் போயிற்று. இரண்டாம் முறை முதன்மைத் தேர்வில் போயிற்று. மூன்றாம் முறை எழுத்தர் வேலை கிடைத்தது. இன்று பக்கத்து மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் இருக்கிறாள். இரவு கடை சாத்திய பிறகு அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என் மகன்தான். அவள் தேறிய செய்தி வந்த அன்று, கடையில் எல்லோருக்கும் அவனே இனிப்பு வாங்கி வந்து கொடுத்தான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டிடத்தில் கூட்டம் இல்லாத நாட்களில் ஒரு அறையைத் திறந்து வைத்து, நான்கு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மாதாந்திரப் பொது அறிவு இதழ்கள் போட்டால் போதும். நம் உறுப்பினர்களின் பிள்ளைகளும் நம் கடைகளில் மூட்டை தூக்குபவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும். முதல் மேசைக்கான செலவு என்னுடையது.