மௌனம் சம்மதமன்று

நுழையும்முன்

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது உலக வழக்கு. ஆனால், வானூர்தியில் செல்வோரும் தரையிலிருந்து அவர்களை வழிநடத்துவோரும் மௌனத்தை அவ்வாறு எடுத்துக்கொள்வதில்லை. மறுமொழி வராத ஒவ்வொரு கணமும் அவர்களுக்கு எச்சரிக்கை. கடலின் மேல் அந்த எச்சரிக்கை இன்னும் கூர்மையாகிறது. அது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலையில் ஒரு மௌனம்

நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி அமைந்துள்ளது. 2021 டிசம்பர் 8 அன்று அக்கல்லூரிக்கு வருவதற்காக முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேருடன் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் ஒன்று முற்பகல் 11.48 மணிக்குப் புறப்பட்டது. 12.15 மணிக்கு அது வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால், ஏறத்தாழ 12.08 மணிக்குச் சூலூர்க் கட்டுப்பாட்டு நிலையத்துடன் அதன் தொடர்பு அறுந்தது.

குன்னூருக்கு அருகே காட்டில் எழுந்த தீயைக் கண்ட மக்கள் அவ்விடத்திற்கு ஓடினர். 13 பேர் அன்றே உயிரிழந்தனர். மற்றொருவர் ஒரு வாரத்திற்குப் பின் மருத்துவமனையில் உயிர்நீத்தார். எதிர்பாராது மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துள் புக, விமானி திசையுணர்வு இழந்ததே விபத்திற்குக் காரணம் என்று விசாரணை தெரிவித்தது. தொடர்பு அறுந்தமை இங்கு விபத்தின் காரணமன்று; விபத்தை உணர்த்திய அடையாளமாகும். அவ்விடத்தைக் கண்டறிய மலைவாழ் மக்களின் கண்கள் உதவின.

கடலில் ஒரு மௌனம்

கடலின் மேல் அத்தகைய கண்கள் இல்லை. 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிச் சென்ற ஏ.என்.32 வகை விமானப்படை விமானம் வங்கக்கடலின் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் பல வாரங்கள் தேடியும் பயனில்லை. ஏழாண்டுகளுக்கும் மேலான காலம் கழித்து, சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம்பிடித்தது. அவை அவ்விமானத்தினுடையவையாக இருக்கக்கூடும் என 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. மலையில் உடனே தெரிந்துவிட்ட விபத்திடம், கடலில் தெரியவர ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று.

குரல் எட்டாத தொலைவு

தரைக்கு மேல் பறக்கும்போது விமானிகள் மிக உயர் அதிர்வெண் அலைகளில் பேசுகின்றனர். இவ்வலைகள் தெளிவானவை; ஆனால், ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. ஆகவே மலைகள் இவற்றை மறைக்கும். கடலிலோ புவியின் வளைவே மறைக்கும். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்திற்குக் கூட இவை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவுக்கே பயன்படும். கடல் நடுவே கோபுரம் எழுப்பித் தொடர்பை நீட்டிக்கவும் இயலாது.

இக்குறையை ஈடுசெய்ய உயர் அதிர்வெண் அலைகள் பயன்படுகின்றன. இவை வளிமண்டலத்தின் மேலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, அடிவானத்திற்கு அப்பாலும் சென்று சேரும். எனினும், பகலிரவு மாற்றமும் சூரியனின் சீற்றமும் இவற்றைப் பாதிக்கும். இரைச்சல் மிகுதியால் விமானிகள் ஒலியைக் குறைத்துவைப்பதுண்டு. அந்நேரத்தில் அழைப்பைத் தவறவிடாதிருக்க ஒவ்வொரு விமானத்திற்கும் தனி ஒலிக்குறியீடு உண்டு. தரையிலிருந்து அக்குறியீடு வந்ததும் விமானி அறையில் மணி ஒலிக்கும்.

இன்று செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்திகள் அனுப்பப்படுகின்றன. விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் முறையும் வந்துள்ளது. வங்கக்கடலின் பரந்த வான்பகுதியைக் கண்காணிக்கும் சென்னைக் கட்டுப்பாட்டு மையமும் இவற்றைப் பயன்படுத்துகிறது.

கைமாறும் பொறுப்பு

கருவிகள் செம்மையாக இருப்பினும் பொறுப்பு கைமாறும் இடத்தில் இடைவெளி தோன்றலாம். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிச் சென்ற மலேசிய விமானத்தின் இறுதிக் குரல் அதிகாலை 1.19 மணிக்குக் கேட்டது. அடுத்து அது ஹோ சி மின் நகரக் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்திருக்க வேண்டும்; அழைக்கவில்லை. ஐந்து நிமிடங்களுக்குள் வினவ வேண்டும் என்பது இரு மையங்களுக்கிடையேயான உடன்பாடு. ஆயினும், அம்மையம் கோலாலம்பூரை வினவியது 1.39 மணிக்கே. மீட்பு ஒருங்கிணைப்பு மையம் செயற்படத் தொடங்கியபோது 5.30 மணியாகியிருந்தது. ‘விமானம் மற்றவர் பொறுப்பில் இருக்கும்’ என்று இரு தரப்பும் கருதக்கூடிய இடமே ஆபத்தான இடமாகும். இந்நிகழ்விற்குப் பின், பெருங்கடல்களின் மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் அறியப்பட வேண்டும் என்ற பன்னாட்டு நெறி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

கேட்டதும் பொருள்கொண்டதும்

குரல் எட்டினாலும் பொருள் எட்டாமற்போகலாம். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். கசகஸ்தான் விமானத்திற்கு ஒதுக்கப்பட்ட உயரம் 15,000 அடி. எதிரே வரும் விமானம் 14,000 அடியில் உள்ளது என்றும் அதற்குக் கூறப்பட்டது. இருந்தும் அது ஒதுக்கிய உயரத்தினும் தாழ இறங்கியது. போதிய ஆங்கில அறிவின்மையால் அறிவுரை தவறாகப் பொருள்கொள்ளப்பட்டிருக்கலாம் என விசாரணை சுட்டியது.

இதனாலேயே ‘திரும்பக் கூறல்’ என்னும் நெறி உள்ளது. ‘35,000 அடிக்கு ஏறுக’ என்று கட்டுப்பாட்டாளர் கூறினால், விமானி ‘சரி’ என்று மட்டும் சொல்லலாகாது. உயரத்தையும் தம் விமானத்தின் அழைப்புப் பெயரையும் சேர்த்துத் திரும்பக் கூறவேண்டும். அவர் ‘37,000’ என்று கூறிவிட்டால், அதைக் கேட்டுத் திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை. சொன்னவரும் கேட்டவரும் ஒருவரையொருவர் சரிபார்க்கும்போதுதான் உரையாடல் நிறைவுறுகிறது.

தெரிந்து தெளிவோம்

வானொலி இரைச்சலில் ஆங்கில எண்களான ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கக்கூடும். எனவே விமானிகள் அவற்றை ‘ஃபைஃப்’, ‘நைனர்’ என ஒலிக்கின்றனர். எழுத்துகளையும் ‘ஆல்ஃபா’, ‘பிராவோ’, ‘சார்லி’ எனச் சொற்களாக்கிக் கூறுகின்றனர்.

மௌனத்தை மதித்தல்

எதிர்பார்த்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் விமானத்திடமிருந்து செய்தி வராவிடில் ‘ஐயநிலை’ அறிவிக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. தொடர்ந்து செய்தி கிட்டாதபோது எச்சரிக்கை நிலை, ஆபத்து நிலை என அது உயரும். இயல்பான காரணத்தால் எழுந்த மௌனமாகவும் இருக்கலாம். ஆயினும், அவ்வாறு கருதி வாளாவிருக்க விதி இடந்தருவதில்லை. கடலில் தீயைக் கண்டு ஓடிவர ஊரார் இல்லை. அங்கே உரிய நேரத்தில் ஒருவர் எழுப்பும் வினாவே மீட்பின் முதற்படியாகும்.

கற்பவை கற்றபின்

1. நண்பர் ஒருவருக்கு வாய்மொழியாக வழி கூறி, அதனை அவர் திரும்பக் கூறச் செய்க. இடையில் மாறியவற்றைக் குறிப்பெடுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. தவறாகப் பொருள்கொள்ள வாய்ப்புள்ள ஐந்து தமிழ்த் தொடர்களை எழுதி, ஐயமற அவற்றைத் திருத்துக.