நோயுற்ற நாய்க்கு வீட்டில் செய்யும் தின்பண்டம்

தோட்டக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் நாய் வளர்க்கும் வழக்கம் நம் அங்கத்தினர்களிடையே நெடுங்காலமாக உண்டு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய ஜாதி நாயாயினும், தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாயாயினும், பத்து ஆண்டுகள் வாசலில் கிடந்து காவல் காத்த பிராணியைக் குடும்பத்தில் ஒன்றாகவே கருதுகிறோம். அதற்கு வயது முதிர்ந்து சிறுநீரகக் கோளாறோ, நீரிழிவோ, கணைய அழற்சியோ கண்டுவிட்டால், கால்நடை மருத்துவர் அதற்குரிய பத்தியத்தை வகுத்துக் கொடுக்கிறார். வேளை உணவைப் பொறுத்தவரை வீட்டார் அதனைத் தவறாது பின்பற்றுகின்றனர். ஆனால், இடைவேளையில் அது வாலைக் குழைத்துக்கொண்டு முகத்தைப் பார்க்கும்போது பாட்டியார் ஒரு பிஸ்கட்டும், குழந்தைகள் ஒரு வடைத் துண்டும் போட்டுவிடுகின்றனர். மருந்தும் பத்தியமும் செய்த நன்மையை இச்சில்லறைப் பண்டங்களே பெரும்பாலும் அழித்துவிடுகின்றன.

இதற்காக நாயை ஏங்க விட வேண்டும் என்பதில்லை. நோயை அறிந்து, அதற்கு ஒத்த பண்டத்தை வீட்டிலேயே குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். அம்முறைகளை இங்கே விளக்குவோம்.

கணக்கில் சேராத செலவு

சங்கக் கணக்கில் பெருந்தொகைகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். எழுதாமல் விட்ட சில்லறைச் செலவே ஆண்டு முடிவில் கையிருப்பைக் குறைத்துக் காட்டும். நாயின் ஆகாரமும் இத்தகையதே. ஒரு நாளைய உணவின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருத்தல் கூடாது என்பது மருத்துவர்கள் கொள்ளும் பொதுவான அளவு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி தேவை எனக் கொண்டால், தின்பண்டத்திற்கு உரியது 60 கலோரியே. ஒரு தேக்கரண்டி நெய்யிலேயே 40 கலோரிக்கு மேல் உண்டு என்பதை நோக்கினால், இவ்வெல்லை எவ்வளவு விரைவில் கடக்கப்படுகிறது என்பது விளங்கும். நோயுற்று நடமாட்டம் குறைந்த நாய்க்கு இவ்வெல்லை மேலும் சுருங்கும்.

சிறுநீரகக் கோளாறு

இரத்தப் பரிசோதனையில் இந்நோய் தெளிவாகத் தென்படும் காலத்தில், சிறுநீரகங்களின் வேலைத்திறனில் சுமார் நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவதே பத்தியத்தின் நோக்கம். இங்கு முதன்மையாகக் கட்டுப்படுத்த வேண்டியது பாஸ்பரஸ் என்னும் சத்து. எலும்பு, பால், ஈரல், கருவாடு ஆகியவற்றில் இது மிகுதி. ஒரு கோழி முட்டையின் மஞ்சட்கருவில் சுமார் 65 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்க, வெள்ளைக்கருவில் 5 மில்லிகிராம் அளவே உள்ளது. ஆகவே வெள்ளைக்கரு இந்நோய்க்கு ஏற்ற பொருளாகிறது.

செய்முறை: குழைய வடித்த பச்சரிசிச் சோறு 100 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்து நீரை வடித்து மசித்த பரங்கிக்காய் இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றை உப்பின்றிப் பிசைந்து, நெல்லிக்காயளவு 12 உருண்டைகளாகப் பிடித்து, இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். உருண்டை ஒன்றில் சுமார் 13 கலோரி இருக்கும். மேற்சொன்ன 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு நான்கு உருண்டைகளுக்கு மேற்படலாகாது.

சோறு நாய்க்குச் செரிக்காது என்று கூறுவோர் உளர். நாய் மனிதனோடு வாழத் தொடங்கியபின் மாச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைக் காட்டிலும் அதற்கு மிகுந்துவிட்டது என்பதை, 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியொன்று எடுத்துக்காட்டியுள்ளது. நன்றாக வெந்த சோற்றைப் பற்றி அச்சம் வேண்டியதில்லை.

கணைய அழற்சி

இந்நோய்க்குப் பகை கொழுப்பு. வடை, முறுக்கு, இறைச்சியின் தோல், நெய் கலந்த சோறு யாவும் விலக்கத்தக்கன. தேங்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாதலின், அடை, கொழுக்கட்டை போன்ற பண்டங்களும் உதவா. தோல் சீவி ஆவியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சிறு தணலில் எண்ணெயின்றி வாட்டி வைத்துக்கொண்டால் அதுவே போதுமான பண்டம்.

நீரிழிவு

மேற்கூறிய கிழங்கு நீரிழிவு நாய்க்கு ஏற்றதன்று. ஒரு நோய்க்கு நல்லது மற்றொன்றுக்குத் தீதாகலாம் என்பதற்கு இஃது ஓர் உதாரணம். வெள்ளரித் துண்டு, உப்பின்றி வேகவைத்த பீன்ஸ், தோல் நீக்கி வேகவைத்த கோழி மார்புச் சதையின் சிறு துணுக்குகள் ஆகியவற்றைக் கொடுக்கலாம். இன்சுலின் ஊசி பெறும் நாய்க்கு நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கொடுத்தல் அவசியம். அத்தகைய நாய் திடீரெனத் தள்ளாடினாலோ நடுங்கினாலோ இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். அப்பொழுது சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறுகளில் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

சர்க்கரை கூடாதென்று கருதி, மனிதருக்கான சர்க்கரையில்லா இனிப்புகளைக் கொடுப்போர் பெருந்தவறு செய்கின்றனர். அவற்றுள் சிலவற்றில் சேரும் சைலிட்டால் என்னும் பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திற்குள்ளாகவே அபாய நிலைக்குத் தாழ்த்தவல்லது, ஈரலையும் கெடுக்கும்.

உணவு ஒவ்வாமை

ஓயாத அரிப்பும் காதுச் சீழும் சில நாய்களுக்கு உணவினால் வருவன. எந்த உணவு ஒவ்வாதது எனக் கண்டறிய, அது முன்பு உண்டிராத ஒரே புரத உணவை மருத்துவர் எட்டு வாரம் கொடுக்கச் சொல்வார். இக்காலத்தில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை பயனற்றதாகிவிடும். ஆதலால், அனுமதித்த அதே உணவில் ஒரு பிடியை எடுத்து உருட்டி வேகவைத்து அதையே தின்பண்டமாகக் கொடுப்பதே முறை.

எந்த நாய்க்கும் ஆகாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் அவற்றின் தீமை நீங்குவதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தை அழிக்கின்றன. அதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாயிருக்கலாம் என 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் எழுதினர். அவ்வமிலம் நம் சமையலுக்குரிய புளியிலும் மிகுதியாக உண்டு. சாம்பார் சாதமும் ரசம் சாதமும் நாய்க்கு இடுவது நம்மிடையே சாதாரணம். அவற்றில் புளியும் உப்பும் சேர்ந்தேயுள்ளன. பூண்டோ வெங்காயமோ பெரும்பாலும் உடன் சேர்கிறது. சிறுநீரகம் நைந்த நாய்க்கு இவற்றை அறவே நிறுத்துவது நலம். சாக்லேட்டும் விஷமே. இருதய நோயுள்ள நாய்க்கு அப்பளம், கருவாடு முதலிய உப்புப் பண்டங்கள் தீங்கு செய்யும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

பாதுகாப்பும் பங்கீடும்

இப்பண்டங்களில் உப்போ வேறு காப்புப் பொருளோ இல்லாமையால் அவை விரைவில் கெடும். குளிர்பெட்டி உள்ளோர் மூன்று நாள் வரை வைக்கலாம். இல்லாதோர் அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிடல் வேண்டும். முதன்முறை ஒன்றை மட்டும் கொடுத்து, வாந்தியோ பேதியோ இல்லையெனக் கண்டபின் தொடர்க. ஒரே நாய்க்கு இரண்டு நோய்கள் இருப்பின், செய்ய எண்ணும் பண்டத்தின் பொருள்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே செய்ய வேண்டும்.

அன்றாடம் காலையில் அன்றைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவது நல்ல ஏற்பாடு. வீட்டிலுள்ளோர் யாவரும் அக்கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். அது காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. ஓர் உருண்டையை நான்காகக் கிள்ளி நான்கு முறை கொடுத்தாலும் நாய் குறைபட்டுக்கொள்வதில்லை. துண்டு சிறிதா பெரிதா என்று அது பார்ப்பதில்லை. நம் கை எத்தனை முறை தன்னிடம் நீளுகிறது என்பதிலேயே அதன் மகிழ்ச்சி இருக்கிறது.