பழைய விளையாட்டும் புதிய கணினியும்

முப்பது வருடங்களுக்கு முன் அச்சான ஒரு புத்தகத்தை இன்று எடுத்துப் படிக்கலாம். தாள் மஞ்சளாகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கணினி விளையாட்டை இன்றைய மடிக்கணினியில் திறந்து பாருங்கள். இந்தச் செயலியை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்ற அறிவித்தல்தான் வரும்.

அந்த விளையாட்டு பழுதாகிவிட்டதா? இல்லை. உம்மும்மாவின் அலுமாரியில் உள்ள கிராஅத் கசெட்டைப் போலத்தான் அதுவும். கசெட்டில் குரல் அப்படியே இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவிதான் இல்லை. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் பழைய விளையாட்டை மட்டுமல்ல, அதைவிடப் பெறுமதியான சிலவற்றையும் காப்பாற்றலாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் இயங்குவதில்லை?

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணினியை வெளியிட்டது. அதிலும் அதன் வழிவந்த கணினிகளிலும் டொஸ் என்ற பணிசெயல் முறைமை இயங்கியது. அதற்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் இன்று இயங்காமைக்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, டொஸ் செய்நிரல்கள் அடிப்படையில் 16 பிட் முறையில் தொடங்குபவை. 64 பிட் வின்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. 2021இல் வந்த வின்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது.

இரண்டாவது, அக்கால விளையாட்டுகள் ஒலி அட்டை, திரை முதலிய வன்பொருள்களுடன் நேரடியாகவே பேசின. இன்று பணிசெயல் முறைமை நடுவில் நின்று, எல்லாம் தன் வழியாகவே போக வேண்டும் என்கிறது.

மூன்றாவது வேகம். அந்த முதல் ஐ.பி.எம். கணினியின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். இன்றைய சாதாரண மடிக்கணினியின் வேகத்தை ஆயிரக்கணக்கான மெகாஹேர்ட்ஸில் சொல்கிறோம். கணினியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்ட சில விளையாட்டுகள் இப்போது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

முதலாம் வழி: கணினிக்குள் ஒரு பழைய கணினி

விளையாட்டைத் தொடாமல், அது பிறந்த சூழலை மென்பொருளால் உருவாக்கிக் கொடுப்பது முதலாம் வழி. இதைச் செய்யும் மென்பொருளை எமியுலேட்டர் என்பர். டொஸ் விளையாட்டுகளுக்கு 2002 முதல் கிடைக்கும் டொஸ்பொக்ஸ் பெயர் பெற்றது. அது இலவசமானது. எங்கள் பன்விலப் பக்கம் மழை வந்தால் இணைய அலையும் விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் டொஸ்பொக்ஸின் அளவு ஓரிரு மெகாபைற்தான் என்பதால் கவலையில்லை.

உதாரணமாக டைரியன் என்ற விண்கல விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1995இல் வெளிவந்த இதனை 2004இல் உரிமையாளர்களே இலவசமாக்கிவிட்டார்கள். ஒழுங்கு இதுதான்:

1. சீ வட்டில் ஒரு புதிய கோப்புறையை உருவாக்குங்கள். பெயர் ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்கு மேற்படாமல், இடைவெளியின்றி இருக்கட்டும். டொஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து என்பதே எல்லை. விளையாட்டின் கோப்புகளை அதற்குள் இடுங்கள்.

2. டொஸ்பொக்ஸை நிறுவித் திறங்கள். கறுப்புத் திரையில் இஸட் என்ற எழுத்துடன் கட்டளைக்காகக் காத்திருக்கும்.

3. மவுன்ட் என்ற கட்டளை, ஓர் இடைவெளி, சீ என்ற எழுத்து, மீண்டும் ஓர் இடைவெளி, பின் அந்தக் கோப்புறையின் முழு முகவரி. இவ்வாறு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். "இந்தக் கோப்புறையைத்தான் உன் சீ வட்டாக நினைத்துக்கொள்" என்பதே இதன் பொருள். கணினியின் சீ வட்டு முழுவதையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு தவறான கட்டளை உங்கள் மற்றக் கோப்புகளையும் அழித்துவிடலாம்.

4. சீ என்ற எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு என்டர் அழுத்தினால் அந்தக் கோப்புறைக்குள் நுழைவீர்கள். பின்னர் விளையாட்டின் பெயரைத் தட்டினால் அது தொடங்கும்.

5. ஒலி வராவிட்டால், விளையாட்டுடன் வரும் செட்டப் செய்நிரலைத் திறந்து சவுண்ட் பிளாஸ்டர் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். முகவரி 220, ஐ.ஆர்.கியூ. 7, டி.எம்.ஏ. 1 எனக் கொடுங்கள். டொஸ்பொக்ஸ் தனக்குள் வைத்திருக்கும் கற்பனை ஒலி அட்டையின் விபரங்கள் இவை.

6. விளையாட்டு மந்தமாக இருந்தால் கொன்ட்ரோல் விசையுடன் எஃப் 12ஐயும், தலைதெறிக்க ஓடினால் கொன்ட்ரோலுடன் எஃப் 11ஐயும் அழுத்துங்கள். ஓல்ட் விசையுடன் என்டரை அழுத்தினால் திரை முழுவதும் விரியும்.

இரண்டாம் வழி: மீள எழுதுதல்

மூல நிரல் கையிலிருந்தால், அதைப் புதிய கணினிக்கு ஏற்ற மொழியில் மாற்றி எழுதலாம். டைரியனுக்கு இதுவும் நடந்திருக்கிறது. நாம் சாதாரண தரத்தில் படிக்கும் பஸ்கால் மொழியில்தான் அது முதலில் எழுதப்பட்டது. பின்னர் ஆர்வலர்கள் அதை சீ மொழிக்கு மாற்றி ஓப்பன்டைரியன் என வெளியிட்டார்கள். அதற்கு டொஸ்பொக்ஸ் தேவையில்லை. பஸ்கால் படித்து என்ன பயன் என்று கேட்கும் தோழிகள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய மொழியை வாசிக்கத் தெரிந்தவர் இருந்ததால்தான் அது புது மொழிக்கு வந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பழையது என்பதால் ஒரு விளையாட்டு உரிமையாளர் இல்லாத பொருளாகிவிடாது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் ஆக்கத்தைப் பாதுகாக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அடுத்தவரின் உழைப்பு அமானிதம் என்பது நமக்குப் புதிய பாடமல்ல. எனவே உரிமையாளரே இலவசமாக விட்டவற்றையும், பணம் கொடுத்து வாங்கியவற்றையும் மட்டுமே நிறுவச் செய்யுங்கள். முன்பின் தெரியாத இணையத்தளங்களில் விளையாட்டுடன் வைரசும் சேர்ந்து வரும். நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள்.

"கேம் விளையாடியா படிப்பு வரப்போவுது?" என்று என் உம்மாவும் கேட்டார். விளையாடி வராது, உண்மைதான். ஆனால் கோப்புறை, கட்டளை, நினைவகம், வன்பொருள் முகவரி என்று பாடப்புத்தகத்தில் மனனம் செய்த சொற்கள், அந்தக் கறுப்புத் திரையில்தான் எனக்கு விளங்கின.

அலுமாரிக்குள் கிடந்த வட்டுகள்

பாரசீக இளவரசனின் விளையாட்டான பிரின்ஸ் ஒப் பெர்ஷியாவைப் பல பெற்றோர் அறிந்திருப்பர். என் வாப்பாவும் இளமையில் கண்டியில் கணினி வகுப்புக்குப் போனபோது அதைப் பார்த்தவர். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2015இல் டொஸ் விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் உலாவியிலேயே இயங்கும்படி வைத்தது. அங்கே இதைக் காட்டியபோது, "இவன் இன்னமும் ஓடிக்கிட்டு ஈக்கிறானே மகள்!" என்றார்.

அந்த ஓட்டம் உண்மையான ஒரு பையனுடையது. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தம் தம்பியை ஓடவும் பாயவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் படம் படமாக வரைந்தார். இசை அவருடைய தந்தையின் ஆக்கம். 1989இல் அப்பிள் 2 கணினிக்கு முதலில் வெளிவந்தது. மூல நிரலோ காணாமற் போனது. மெக்னர் தேடியும் கிடைக்கவில்லை. 2012இல் அவரது தந்தை வீட்டு அலுமாரிக்குள் ஒரு பெட்டியில் அந்த வட்டுகளைக் கண்டெடுத்தார். பழைய கணினிகளை நன்கறிந்த இருவரின் உதவியுடன் அவற்றை வாசித்து, எல்லோரும் படிக்கும்படி மெக்னர் வெளியிட்டார். காந்த வட்டில் உள்ளவை காலத்தோடு மங்கக்கூடியவை. இன்னும் சில வருடம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும்?

நம் அலுமாரிகளில் என்ன இருக்கிறது?

நமக்கும் இப்படிப்பட்ட வட்டுகள் உண்டு. இலங்கையில் பல பாடசாலை இதழ்கள் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அமைக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் புதியது வரவில்லை. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்க் கிடக்கும். அந்த அரைப்புள்ளிகள்தாம் நம் மெய்யெழுத்துகளின் புள்ளிகள்! பழுதான கோப்பென்று நினைத்து அழித்துவிடுகிறோம்.

இங்கும் அதே இரு வழிகள்தாம். பாமினி எழுத்துருவை நிறுவினால் கோப்பு பழையபடி தெரியும்; இது டொஸ்பொக்ஸின் வழி. எழுத்துமாற்றி மூலம் யுனிகோட்டுக்கு மாற்றினால் எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் படிக்கலாம். இது ஓப்பன்டைரியனின் வழி. இரண்டையும் செய்து, மூலக் கோப்பையும் வைத்திருப்பதே பாதுகாப்பு. மாற்றும்போது சில எழுத்துகள் பிசகலாம். ஒருவர் இருந்து சரிபார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டில் பழைய இறுவட்டோ நெகிழ்வட்டோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். அதில் ஒரு விளையாட்டு இருக்கலாம். ஒரு மூத்த மாணவியின் முதற் கவிதையும் இருக்கலாம். இந்த இதழின் ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். வாசிப்பதற்கான கருவியைத் தேடிப் பிடிப்போம். எழுத்துமாற்றிச் சரிபார்க்க நானும் என் வகுப்புத் தோழிகளும் வருவோம், இன்ஷா அல்லாஹ்.