'அல்லது' என்னும் சிறு சொல்

சொல் சிறிதாயினும் அது சுமக்கும் பொருள் பெரிதாதல் உண்டு. 'அல்லது' அத்தகையதொரு சொல். 'அல்' என்னும் எதிர்மறை அடியாகப் பிறந்த இது, பழைய வழக்கில் 'தவிர' என்னும் பொருளைத் தந்தது. 'இறைவன் அல்லது துணை இல்லை' எனின், அவரன்றி வேறு துணை இல்லை என்பதாம். இன்றோ, இரண்டில் ஒன்றைச் சுட்டவே இதனைப் பெரிதும் வழங்குகிறோம்.

இலத்தீன் மொழியில் இதற்குச் சொற்கள் சில உண்டு. ஒன்றைக் கொண்டால் மற்றதை விலக்கவேண்டும் என்னுமிடத்துப் பெரும்பாலும் 'அவுத்' வரும். எதைக் கொள்ளினும் தகும் என்னுமிடத்து 'வேல்' வரும். கிரேக்கத்திலோ 'ஏ' என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் நிற்கும். ஆதலின் இடம் நோக்கியே பொருள் கொள்ளல்வேண்டும்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (11:27), தகுதியின்றி அப்பத்தை உண்பவனோ, அல்லது கிண்ணத்தில் பருகுபவனோ, ஆண்டவருடைய உடல், இரத்தம் ஆகிய இரண்டிற்கும் எதிராகக் குற்றம் செய்கிறான் என்று உணர்த்துகிறார். இலத்தீன் வுல்காத்தாவில் இங்கு நிற்பது 'வேல்'. 1611இல் வெளிவந்த ஆங்கில அரச மொழிபெயர்ப்போ இவ்விடத்தில் 'அல்லது' என்பதை நீக்கி, 'உம்' என்னும் பொருளுடைய சொல்லை வைத்தது. ஒன்றைத் தகாமுறையில் உட்கொண்டாலே இரண்டிற்கும் எதிரான குற்றமாயின், ஒவ்வொன்றிலும் கிறிஸ்து முழுமையாக உள்ளார் என்பது பெறப்படுமன்றோ?

இவ்வுண்மையையே திரிதெந்து பொதுச் சங்கம் 1562இல் போதித்தது. குறிப்பிட்ட வேளைகளில் பொதுநிலையினரும் இரு வடிவங்களிலும் நற்கருணை பெற, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிதிறந்தது. தேவை நேரின் இரச வடிவில் மட்டும் வழங்கலாம் என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 925) கூறுகிறது. ஆகவே, அப்பத்தை விழுங்க இயலாத நம் வீட்டு நோயாளி திரு இரத்தத்தை மட்டும் பெற்றாலும், பெறுவது பாதியன்று, முழுமையே.

இனி மத்தேயு நற்செய்தி 6:24ஐ நோக்குவோம். இரு தலைவர்க்கு ஊழியம் செய்தல் இயலாது என்று ஆண்டவர் கூறுமிடத்தில் வுல்காத்தாவில் வருவது 'அவுத்'. கடவுளா, செல்வமா? இங்கு இரண்டிற்கும் இடமில்லை.

நாமோ இவ்விரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். காலையில் திருப்பலியும் மாலையில் வரதட்சணைப் பேரமும் என்று, பிரிக்கவேண்டியதை 'உம்' இட்டு இணைக்கிறோம். செபமா, பிறர்க்கு உதவியா என்று, இணைக்கவேண்டியதைப் பிரிக்கிறோம்.

எங்கு இணைப்பது, எங்கு பிரிப்பது என்று அறியும் தெளிவை, குடும்ப செபத்தின்போது ஆண்டவரிடம் கேட்போமாக.